மீன்கொத்தி போன மூன்று வீடுகள்: இணையத்தில் இடும் படங்களுக்கு எந்தக் காவல் தகும்?

ஒரு மீன்கொத்திப் படம். அலகில் குறுக்காக ஒரு மீன், வால் நுனியில் விழப்போகும் ஒரு நீர்த்துளி, காலுக்குக் கீழே காய்ந்த கிளை. கிளையை ஒட்டி வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் என் பெயர். அதை என் இணையதளத்தில் இட்டு ஓராண்டு ஆகியிருந்தபோது, தற்செயலாகச் செய்த ஒரு தேடலில் அதே பறவை வேறு மூன்று தளங்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

முதலாவது, இலவச வால்பேப்பர் தரும் தளம். படக்கோப்பின் முகவரியைப் பார்த்தால் அது என் சர்வர், அதாவது என் தளத்தின் கோப்புகளை வைத்திருந்து அனுப்பும் கணினி. பக்கம் அவர்களுடையது, பார்வையாளர் அவர்களுடையவர், ஒவ்வொரு முறையும் படத்தை அனுப்பிவைக்கும் செலவு மட்டும் என்னுடையது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. இரண்டாவது, ஒரு சுற்றுலா நிறுவனம். அவர்கள் படத்தை நகலெடுத்துத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டார்கள். கீழ்ப்பகுதியை வெட்டியதில் என் பெயரோடு கிளையும் போய்விட்டது. மீன்கொத்தி அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாவது, சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டு விற்பதாகச் சொல்லும் ஒரு கடை.

மூன்றையும் 'படத்திருட்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். ஆனால் ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதற்கு உதவாது. படங்களைப் பாதுகாக்கும் வழிகள் என்று கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பத்து வழிகளை வரிசையாக அடுக்கிப் பத்தையும் செய்யச் சொல்கின்றன. அப்படிச் செய்தவரின் தளம் சிறைச்சாலை போல ஆகிவிடும், படமோ அதற்கு முன்பே வெளியே போயிருக்கும். எனவே ஒவ்வொரு வழியையும் இந்த மூன்று வீடுகளின் வாசலில் நிறுத்திப் பார்க்கிறேன்.

காட்டுவது என்றாலே கொடுப்பதுதான்

உலாவி ஒரு படத்தைக் காட்ட வேண்டுமானால் முதலில் அதைத் தரவிறக்கியாக வேண்டும். பார்வையாளர் 'சேமி' என்பதை அழுத்துவதற்கு முன்பே படம் அவருடைய கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் வலது சொடுக்கைத் தடுக்கும் நிரலை நிறுவுகிறார்கள். வலது பொத்தானை அழுத்தினால் 'இந்தப் படம் பாதுகாக்கப்பட்டது' என்று ஒரு சிறு பெட்டி எழும். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு தளத்தில் எஃப் 12 விசையை அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் உலாவியின் மேம்பாட்டுக் கருவிகள் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், படங்களை மட்டும் காட்டச் சொல்லி, பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் அந்தப் பக்கத்துக்காக வந்த படங்கள் எல்லாம் பட்டியலாக இறங்கும்: தளச்சின்னம், அம்புக்குறி, தேடல் பொத்தான், அவற்றுக்கு நடுவே எடையில் எல்லாவற்றையும் மிஞ்சிய ஒரு கோப்பு. அதுதான் பாதுகாக்கப்பட்ட படம். அதைச் சொடுக்கிப் புதிய தாவலில் திறந்து சேமித்துக்கொள்ளலாம். விசையையும் தடுத்திருக்கிறார்கள் என்றால் உலாவியின் பட்டியல் வழியாக அதே கருவியைத் திறக்கலாம். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டால் தடுப்பு நிரலே ஓடாது. இவை எதுவும் தெரியாதவருக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

இதன் சற்றே நாகரிகமான தம்பி, படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் படம் ஒன்றைப் போர்த்துவது. சேமித்தவருக்கு வெறுமைதான் கிடைக்கும். ஆனால் மேற்சொன்ன பட்டியலில் உண்மையான கோப்பும் கூடவே நிற்கும். நீ தடுக்கில் பாய்ந்தால் நான் கோலத்தில் பாய்கிறேன் என்ற போட்டி இது. வெல்பவர் எப்போதும் பார்வையாளர் பக்கம்தான்.

என் மூன்று வீடுகளில் இது யாரைத் தடுத்திருக்கும்? வால்பேப்பர் தளம் முகவரியைத்தான் எடுத்தது. அச்சுக் கடைக்குக் கருவிகள் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. சுற்றுலா நிறுவனத்தின் பக்கத்தை அமைத்தவர் ஒருவேளை சலித்துப்போய் வேறு படத்துக்குப் போயிருக்கலாம். அந்த ஒரே 'ஒருவேளை'க்காக இணைப்பைப் புதிய தாவலில் திறக்க நினைப்பவர், ஒரு சொல்லை நகலெடுத்துப் பொருள் தேடுபவர் என்று நல்ல வாசகர் எல்லோரையும் எரிச்சலூட்ட வேண்டியிருக்கிறது. படத்தின் கீழே 'பயன்படுத்த விரும்பினால் எழுதுங்கள்' என்று ஒரு வரியும் மின்னஞ்சல் முகவரியும் போட்டால் அதே வேலை நடக்கும், கூடவே சில சமயம் வாடிக்கையாளரும் கிடைப்பார். வலது சொடுக்குத் தடுப்பை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

முகவரியைக் களவாடுவோருக்கு

வால்பேப்பர் தளம் செய்தது போல, படத்தை எடுக்காமல் அதன் முகவரியை மட்டும் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதை ஹாட்லிங்க் என்பார்கள். மற்ற எல்லா வகைத் திருட்டையும்விட இதைத் தடுப்பது எளிது. ஏனென்றால் கோப்பு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே முடிவு செய்யலாம்.

பழைய வழி, வந்தவரிடம் 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று கேட்பது. உலாவி ஒரு படத்தைக் கேட்கும்போது எந்தப் பக்கத்துக்காகக் கேட்கிறது என்பதைக் கோரிக்கையோடு போகும் ரெஃபரர் என்ற தலைப்பு வரியில் எழுதி அனுப்பும். (ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நடுவே இரண்டு 'ஆர்' வரவேண்டும். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு 1996-இல் வெளியான ஆவணத்தில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. பிழையே தரமாகி இன்றுவரை உலகத்தின் எல்லா சர்வர்களும் அதே பிழையோடுதான் பேசிக்கொள்கின்றன.) அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் இரண்டிலும் சில வரிகளில் இதைச் சரிபார்க்கலாம்: என் தளத்திலிருந்து வந்த கோரிக்கையா, படத்தைக் கொடு, வேறு தளமா, மறுத்துவிடு. கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவைகளில் இது ஒரு பொத்தான் அளவு வேலை. மறுப்பதற்குப் பதிலாக வேறொரு படத்தை அனுப்பிக் கேலி செய்பவர்களும் உண்டு. அந்த ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கேலிப்படத்தை அனுப்பும் செலவும் நம்முடையதுதான்.

இதில் ஓட்டை ஒன்று இருக்கிறது. தனியுரிமைக்காக ரெஃபரரை மறைக்கும் உலாவிகளும் கருவிகளும் இருப்பதால், தலைப்பு வெறுமையாக வந்தால் அனுமதிக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் நம் வாசகர்களில் சிலருக்கே படம் தெரியாது. களவாடும் தளம் தன் பக்கத்தில் 'ரெஃபரர் அனுப்பாதே' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், வாசல் திறந்துவிடும். ஆக இது ஹாட்லிங்க் செய்பவர்களில் சோம்பேறியை மட்டுமே தடுக்கும். நல்லவேளையாக, ஹாட்லிங்க் செய்பவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள்தான். அதனால்தானே ஹாட்லிங்க் செய்கிறார்கள்.

புதிய வழி கொஞ்சம் உறுதியானது. கிராஸ்-ஆரிஜின் ரிசோர்ஸ் பாலிசி என்ற தலைப்பைப் படத்தோடு சேர்த்து அனுப்பினால், 'இந்தப் படம் என் தளத்தின் பக்கங்களுக்கு மட்டும்' என்று உலாவிக்கே கட்டளையிடுவதாகும். வேறு தளத்தின் பக்கத்தில் அதைக் காட்ட உலாவி மறுத்துவிடும். ரெஃபரரை மறைத்துத் தப்பிக்க முடியாது. இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாம் இதை மதிக்கின்றன. ஒரு குறை: உலாவி படத்தைக் கேட்டு, சர்வர் பதில் அனுப்பிய பிறகுதான் மறுப்பு நடக்கிறது. ஆகவே படத்தை அனுப்பும் செலவு முழுவதும் மிச்சமாகிவிடாது. செலவுதான் உங்கள் கவலையென்றால் முதல் வழி, படம் அங்கே தெரியக்கூடாது என்பதுதான் கவலையென்றால் இரண்டாவது வழி. இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம்.

இரண்டிலும் ஒரு விலை உண்டு. படத்தேடலில் உங்கள் படத்தைச் சொடுக்கியவருக்குப் பெரிய அளவில் காட்டும்போது, தேடுபொறி அதைப் பெரும்பாலும் உங்கள் சர்வரிலிருந்தே எடுத்துக் காட்டும். கண்மூடித்தனமாகத் தடுத்தால் அங்கே மங்கலான சிறுபடத்தோடு நின்றுவிடும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித்தரும் ஓடை வாசிப்பான்கள் வழியாகப் படிக்கும் வாசகருக்கும் படம் போகாது. ரெஃபரர் முறையில் இவற்றுக்கு விலக்குப் பட்டியல் எழுதலாம். மற்றதில் அந்த வசதி இல்லை. தேடலிலிருந்துதான் உங்களுக்கு வேலை வருகிறது என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

தொழில்நுட்பத்துக்கு வெளியே, இந்தச் சாதாரணப் பூட்டுக்குச் சட்டத்தில் எடை இருக்கிறது. ஹாட்லிங்க் செய்பவர் நகலெடுப்பதில்லை, சுட்டிக்காட்டுகிறார் என்பது பழைய வாதம். 2007-இல் பெர்ஃபெக்ட் 10 நிறுவனம் அமேசான், கூகுள் மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது: படம் எவருடைய சர்வரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2018-இல் நியூயார்க்கின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் வேறு வழக்கில் இதை ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் இப்படி இழுபறியாக இருக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2021 மார்ச்சில் ஒரு தெளிவான கோடு போட்டது. உரிமையாளர் தொழில்நுட்பத் தடுப்பு வைத்திருந்து, அதைத் தாண்டி ஒருவர் படத்தைத் தன் பக்கத்தில் பொருத்தினால், அதற்கு அனுமதி தேவை. தடுப்பே வைக்காமல் 'எனக்கு விருப்பமில்லை' என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. உடைக்கக்கூடிய பூட்டுதானே என்று அலட்சியம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே பூட்டின் வேலை திருடனைத் தடுப்பது மட்டுமல்ல, கதவு மூடியிருந்தது என்று சாட்சி சொல்வதும்.

காலாவதியாகும் முகவரிகள் இன்னொரு வழி. படத்தின் முகவரியோடு ஒரு கையொப்பமும் நேரமும் சேர்ந்திருக்கும். நேரம் கடந்தால் முகவரி செத்துவிடும். வாடிக்கையாளருக்கு மட்டும் காட்டும் தொகுப்புகளுக்கு நல்லது. பொதுவான படக்காட்சிக்கு இது சுமை.

இவற்றில் எதுவும், படத்தைத் தன் சர்வருக்கு நகலெடுத்துக்கொண்ட சுற்றுலா நிறுவனத்தை ஒரு நொடிகூடத் தடுத்திருக்காது.

எவ்வளவு கொடுக்கிறோம்?

அச்சுக் கடையின் கதையில் குற்றவாளி நானும்தான். என் கேமராவின் கோப்பு 6000-க்கு 4000 பிக்சல், 24 மெகாபிக்சல். தளத்தில் ஏற்றும்போது கொஞ்சம் சுருக்கி 4500 பிக்சல் அகலத்தில் ஏற்றியிருந்தேன். பக்கத்தில் அது உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. கோப்பும் அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 36 அங்குல அகலச் சுவர்ப்படத்துக்கு 4500 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 125. இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும். கடைக்காரர் துணிந்து விற்கலாம். அதே படத்தை 1200-க்கு 800 என்று ஏற்றியிருந்தால்? கேமராக் கோப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல். மீன்கொத்தியின் கண் படிக்கட்டாகத் தெரியும். தரமான அச்சுக்குக் கேட்கப்படும் 300 கணக்கில் அது நான்கு அங்குல அகலத்துக்குத்தான் வரும். ஒரு தபால் அட்டைகூடத் தேறாது.

படத்தைப் பெருக்கிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது மலிந்துவிட்டன; அவை இல்லாத இறகுகளை வரைந்து நிரப்பும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துபோகலாம். இருந்தாலும் உண்மையான விவரம் மூலக்கோப்பில் மட்டுமே இருக்கிறது, அது என்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற நிலை தகராறு வரும்போது பெரும்பலம். கேமராவின் மூலக்கோப்பைக் காட்டுபவரோடு வாதாடுவது கடினம்.

சில மென்பொருள்கள் இதில் நமக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை ஏற்றினால் சுருக்கிய நகல் ஒன்றை உருவாக்கி, அதன் கோப்புப் பெயரோடு 'ஸ்கேல்டு' என்ற பின்னொட்டைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. மூலக்கோப்பு சர்வரிலேயே இருக்கும். முகவரியிலிருந்து அந்தப் பின்னொட்டை நீக்கிப் பார்த்தால் பெரிய படம் அப்படியே வரும். இதில் ஒளிவுமறைவு இல்லை, அந்த மென்பொருளின் வடிவமைப்பே அது. ஆகவே சுருக்குவதைத் தளத்திடம் விடாதீர்கள்; உங்கள் கணினியிலேயே சுருக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பெரிய அளவில் காட்டித்தான் ஆகவேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்: ஓவியம், சுவடி, நிலப்படம் வைத்திருக்கும் காப்பகங்கள். அவர்களுக்குச் சில்லுமுறை பொருந்தும். படத்தை நூற்றுக்கணக்கான சிறு சதுரங்களாக வெட்டி வைத்து, பார்வையாளர் பெரிதாக்கும் பகுதியின் சதுரங்களை மட்டும் அனுப்புவது. ஒரே கோப்பாகச் சேமிக்க முடியாது. ஆனால் சதுரங்களைச் சேகரித்து ஒட்டிக்கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில்லுமுறையின் உண்மையான பயன் வேகம். பாதுகாப்பு என்பது கொசுறு.

எல்லா வழிகளிலும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் அளவைத்தான் தேர்ந்தெடுப்பேன். இங்கே மட்டும்தான் கொடுக்காத பொருளை எவரும் எடுக்க முடியாது.

பெயர் எழுதுவது: மேலேயா, உள்ளேயா?

படத்தின் மேல் பெயரைப் பதிக்கும் நீர்முத்திரையில் ஒரு தீராத சங்கடம் இருக்கிறது. ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள், என் கிளையைக் கேளுங்கள். நடுவில் பெரிதாக வைத்தால் படத்தைப் பார்க்க வந்தவர் நம் பெயரைப் பார்த்துவிட்டுப் போவார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. படம் விற்கும் நிறுவனங்கள் நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: அவர்கள் காட்டுவது மாதிரி, விற்பது முத்திரையில்லாத கோப்பு. படமே சேதியாக இருக்கும் தனிக்கலைஞர் அதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

நடுவில் வைத்தாலும் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரையில் காட்டியது இது: ஒரே முத்திரை ஆயிரக்கணக்கான படங்களில் இருந்தால், எல்லாப் படங்களிலும் மாறாமல் இருக்கும் பகுதி எது என்று கணினி கண்டுபிடித்து, முத்திரையைத் தனியே பிரித்து, ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்துவிடும். முத்திரையின் இடத்தையோ அடர்த்தியையோ மாற்றுவது பெரிதாக உதவவில்லை. ஒவ்வொரு படத்திலும் முத்திரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளித்து வைத்தால், கழித்த பிறகும் தடம் மிஞ்சியது. அதன் பிறகு வந்த படத்திருத்தக் கருவிகள் ஒற்றைப் படத்திலேயே முத்திரையைத் துடைத்துப் பின்னணியை நிரப்பிவிடுகின்றன. ஆகவே முத்திரையைக் காவலாக எண்ண வேண்டாம், கையொப்பமாக வையுங்கள். வெட்டினால் படத்தின் அமைப்பே கெடும் இடத்தில், சின்னதாக. என் பெயர் இப்போது கிளையின் ஓரத்தில் இல்லை. பறவையின் மார்புக்கும் மீனுக்கும் இடையிலுள்ள இருட்டில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத முத்திரையும் உண்டு. டிஜிமார்க் போன்ற நிறுவனங்கள் 1990களின் நடுவிலிருந்தே பிக்சல்களின் மதிப்பைச் சற்றே அசைத்து உள்ளே ஓர் அடையாளத்தை ஒளித்துவைக்கும் வேலையைச் செய்துவருகின்றன. அதைப் படிக்க அவர்களுடைய கருவி வேண்டும். திருட்டைத் தடுக்காது, திருடப்பட்டது என்று நிரூபிக்க உதவும். மூலக்கோப்பு கையில் இருப்பவருக்கு நிரூபிப்பதில் ஏற்கெனவே சிக்கல் இல்லை என்பதால், ஆயிரக்கணக்கில் படம் விற்பவர் தவிர மற்றவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

செலவே இல்லாத இன்னொரு வழியைப் பலர் கண்டுகொள்வதில்லை: கோப்புக்குள் எழுதப்படும் மெட்டாடேட்டா. எடுத்தவர் பெயர், பதிப்புரிமை வரி, உரிமம் பெறும் இணைப்பு ஆகியவற்றைச் செய்தித்துறை வகுத்த ஐபிடிசி புலங்களில் நிரப்பலாம். (பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. படத்துக்கும் எழுத்துக்கும் உரியது பதிப்புரிமை. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது இந்தச் சொல்லில் தவறினால் நம் கடிதத்தின் கனம் பாதியாகிவிடும்.) உரிமப் பக்கத்தின் முகவரி உரிய புலத்தில் இருந்தால் கூகுள் படத்தேடலில் 2020 முதல் 'உரிமம் பெறலாம்' என்ற அடையாளம் படத்தின் மேல் தோன்றுகிறது. வாங்கும் மனமுள்ளவரை இது நேராக உங்களிடம் அழைத்துவரும்.

மெட்டாடேட்டாவை அழிப்பது எளிது. சமூக ஊடகங்கள் பலவும் ஏற்றும்போதே பெரும்பகுதியைக் கழித்துவிடும். ஆனால் வேண்டுமென்றே அதை நீக்குவது அமெரிக்கச் சட்டத்தில் தனிக்குற்றம். 1998-இன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி, மீறலை மறைக்கவோ வளர்க்கவோ இந்தத் தகவலை நீக்கினால் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். எழுத ஐந்து நிமிடம் ஆகும் ஒரு வரிக்கு இது மோசமில்லை. எழுதும்போது ஒன்றை மட்டும் நீக்கிவிடுங்கள்: படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் ஆயத்தொலைவு. வீட்டுக்குள் எடுத்த படத்தோடு வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

கடவுச்சொல்லும் எந்திரங்களும்

உண்மையான பூட்டு ஒன்றுதான் இருக்கிறது, கடவுச்சொல். குடும்பப் படங்கள், வாடிக்கையாளர் தொகுப்புகள், இன்னும் வெளியிடாத வேலை இவற்றுக்கெல்லாம் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: பக்கத்தைப் பூட்டிவிட்டுப் படக்கோப்பைத் திறந்துவிடும் அமைப்புகள் நிறைய. பூட்டிய பிறகு, உள்நுழையாத வேறு உலாவியில் படத்தின் நேரடி முகவரியை ஒட்டிப் பாருங்கள். படம் வந்தால் பூட்டு வெறும் அலங்காரம்.

நான்காவது ஒரு விருந்தாளியும் இருக்கிறார், அவர் என் தேடலில் வரவில்லை. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் படங்களை அள்ளும் எந்திரங்கள். 2022-இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பில் 585 கோடி படங்களின் முகவரிகள் விளக்கவரிகளோடு இருந்தன. படங்களே அல்ல, முகவரிகள்தான். பயிற்சி கொடுப்பவர் அவரவர் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. இப்படி வரும் எந்திரங்களுக்காகத் தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் 'வராதே' என்று எழுதலாம். 1994-இல் தொடங்கி 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத்தர ஆவணமாக முறைப்படி எழுதப்பட்ட இந்த வழக்கம் முழுக்க முழுக்க மரியாதையின் பேரில் நடப்பது. மரியாதை தெரிந்த எந்திரம் நிற்கும், மற்றது நிற்காது. ஒரே நிமிட வேலை என்பதால் செய்துவிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளேஸ் போன்ற கருவிகள் முதன்மையாக ஓவியரின் பாணியைக் காப்பதற்கானவை. மீன்கொத்திக்கு அவை வேண்டியதில்லை.

போன பிறகு

படம் போகாமல் தடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியைப் போனதைக் கண்டுபிடிக்கச் செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் அனுபவம். ஒரு படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித்தரும் டின்ஐ 2008-இல் வந்தது, கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி 2011-இல். இன்று கூகுள் லென்ஸ், பிங், யாண்டெக்ஸ் எல்லாமே செய்கின்றன. ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். எல்லாப் படங்களையும் தேடத் தேவையில்லை. விற்பனையாகக்கூடிய பத்துப் பதினைந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேடினால் போதும்.

பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படம் எடுத்த கணத்திலேயே அது உங்களுடையது. இணையத்தில் தடையின்றிக் கிடைப்பதாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதமும் செல்லாது. ஒரு மாணவர் பள்ளி வேலைக்காகப் பயணத் தளம் ஒன்றிலிருந்து எடுத்த கோர்தோபா நகரப் படம் பள்ளியின் இணையதளத்தில் ஏறியபோது, அதற்குப் புதிதாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவது அனுமதிக்கு ஈடாகாது.

கண்டுபிடித்தவுடன் முதலில் பக்கத்தை நாள், நேரத்தோடு படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு தள உரிமையாளருக்கு நான்கைந்து வரிகளில் கடிதம். கோபம் வேண்டாம், எந்தப் படம், எந்தப் பக்கம், நீக்க வேண்டுமா கட்டணம் வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்பது போதும். பதில் இல்லையென்றால் தளத்தைத் தாங்கும் நிறுவனத்துக்கு டிஎம்சிஏ அறிவிப்பு. உங்கள் படம் எது, மீறல் எந்த முகவரியில், உங்களைத் தொடர்புகொள்வது எப்படி, இது நல்லெண்ணத்தோடு செய்யும் புகார், சொன்னவை உண்மை என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களிலும் பல இதே வடிவத்தை ஏற்கின்றன. கூகுள் தேடலிலிருந்து நீக்கக் கேட்டால் அந்த அறிவிப்பு, இத்தகைய அறிவிப்புகளைத் திரட்டிவைக்கும் லூமன் என்ற பொதுத் தொகுப்புக்குப் போகக்கூடும்; உங்கள் பெயர் அங்கே தெரியலாம் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

எவருக்கு எது என்று கேட்டால்: சமூக ஊடகத்தில் மட்டும் இடுபவருக்கு சர்வர் கையில் இல்லாததால் அளவும் சிறு கையொப்பமும்தான் இருக்கின்றன. சொந்தத் தளம் உள்ளவர் இவற்றோடு மெட்டாடேட்டாவையும் ஹாட்லிங்க் தடுப்பையும் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். படம் விற்றுப் பிழைப்பவர் தேடலுக்கும் அறிவிப்புக்கும் நாட்காட்டியில் நாள் குறித்துவைக்க வேண்டும். பெயர் பரவினால் போதும் என்பவர், பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றை ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 2014-இல் படம் விற்கும் கெட்டி இமேஜஸ் போன்ற நிறுவனமே கோடிக்கணக்கான படங்களை வணிகமல்லாத தளங்கள் தன் பொருத்துநிரல் வழியாக இலவசமாகக் காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தது.

என் மூன்று வீடுகளுக்கு வருகிறேன். தடுப்பு வைத்த அன்றே வால்பேப்பர் தளத்தில் மீன்கொத்தி மறைந்து, உடைந்த படத்தின் சின்னம் மட்டும் நின்றது. பக்கத்தை அவர்கள் நீக்கவில்லை. வெற்றுச் சட்டத்தின் கீழே தரவிறக்கப் பொத்தான் இன்னும் இருக்கிறது. அச்சுக் கடை என் கடிதத்துக்குப் பதில் தரவில்லை, அதைத் தாங்கும் நிறுவனம் அறிவிப்பு போன சில நாட்களில் பக்கத்தை எடுத்துவிட்டது. சுற்றுலா நிறுவனம் மட்டும் மறுநாளே எழுதியது: 'தெரியாமல் நடந்துவிட்டது, நீக்கிவிட்டோம்.' போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் இப்போது ஒரு மரங்கொத்தி இருக்கிறது. அதற்கும் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது.